மறு: முன்சில்லின் ‘டோ’ அளவுக்குத் தமிழ்ச்சொல் – கூடுமுகம், விரிமுகம்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

திருச்சி நண்பர் தொடக்கிவைத்த இந்த இழையில், காரின் சில்லுகள் (சக்கரங்கள்) நிற்கும் கோணங்களை அளந்து சரிசெய்யும் ‘வீல் எலைன்மென்ட்’ என்பதற்குச் ‘சக்கர நேராக்கம்’ என்றும், அதில் வரும் ‘டோ-இன்’ (மேலிருந்து பார்க்கையில் இரு சில்லுகளின் முன்விளிம்புகள் நெருங்கி நிற்பது), ‘டோ-அவுட்’ (அவை அகன்று நிற்பது) ஆகியவற்றுக்கு ‘உள்விரல்’, ‘வெளிவிரல்’ என்றும் முன்மொழியப்பட்டிருந்தன. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் இலக்கணம் அன்று, வெள்ளவத்தையில் என் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு கார்.

கார் என் அக்காவின் மகனுடையது. பழைய ஜப்பானிய வண்டி. பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, காரை 35 மில்லிமீற்றர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளையும், புதிய ஷொக் அப்சோபர்களையும், முன்னதைவிடப் பெரிய பிரேக் டிஸ்க்குகளையும் அவற்றைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பர்களையும் வாங்கிப் பூட்டினான். கலிப்பர் பழைய ரிம்முக்குள் அடங்காததால் ரிம்மும் மாறிற்று. எல்லாம் முடிந்து காலி வீதியில் ஓட்டியபோது ஸ்டியரிங் ஒரு பக்கம் சரிந்து நின்றது. நேர்வீதியிலும் கார் அலைந்தது. பிரேக்கை அழுத்தினால் இடப்பக்கம் இழுத்தது. மருமகன் தமிழ்ப்பற்றுள்ள பிள்ளை. கராஜில் கொடுத்த வேலைக் குறிப்பில், “முன்சில்லுகளை நேராக்கவும்” என்று தமிழிலேயே எழுதினான். அங்கிருந்த தம்பியும் எழுதியதை எழுதியபடியே செய்துவிட்டார். காரை ஜாக்கில் தூக்கியபடி நூல் பிடித்து, இரண்டு சில்லுகளையும் சமாந்தரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் கம்பியான டை ரொட்டை ஒரு பக்கம் மாத்திரம் திருகி முடித்தார். ஸ்டியரிங் முன்னிலும் கூடுதலாகச் சரிந்தது. பிறகு கணினி வைத்து அளக்கும் இடமொன்றுக்குக் கொண்டுபோனபோது, கார் தன் பாரத்தோடு தரையில் நின்ற நிலையில், முன்சில்லுகளின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட 6 மில்லிமீற்றர் அகன்று நின்றதாக அளவுத்தாள் காட்டியது.

அந்தத் தம்பியின் கைவேலையில் குறை இல்லாமல் இல்லை. ஆனால் அவரைப் பிழையான வழியில் அனுப்பியது ‘நேராக்கு’ என்ற சொல்தான் என்பது என் எண்ணம். சில்லுகள் எல்லா வகையிலும் நேராக நிற்க வேண்டும் என்று கார் உற்பத்தியாளர்கள் பொதுவாகக் கேட்பதில்லை. பின்சில்லு உந்தும் காரில், ஓட்டத்தின்போது தரை தரும் எதிர்ப்பினால் முன்சில்லுகளின் முகம் சிறிது வெளிப்புறம் விரிய முற்படும் என்பதால், நிற்கையில் அவற்றை ஓரிரு மில்லிமீற்றர் உள்நோக்கிக் கூட்டி வைப்பார்கள். முன்சில்லு உந்தும் காரில் இழுவிசை அவற்றை உள்ளே கூட்டப் பார்க்கும் என்பதால் கணக்கு மாறும். சில்லு மேலிருந்து கீழாகவும் பெரும்பாலும் நேரே நிற்பதில்லை, திரும்பும் அச்சும் செங்குத்தாக இருப்பதில்லை. ஆக, வேண்டுமென்றே கோணலாக வைக்கும் ஒரு வேலைக்கு ‘நேராக்கம்’ என்று பெயரிடுகிறோம். ‘சில்லுக்கோணச் சீராக்கம்’ என்பது சற்று நீளந்தான். ஆனால் ‘கோணம்’ என்ற சொல் உள்ளே இருந்தால், ஏதோ அளக்க வேண்டியிருக்கிறது என்பதாவது விளங்கும்.

‘உள்விரல்’ பற்றி எழுதிய நண்பர் கோபிக்கக்கூடாது. ஆங்கிலத்தில் கால்விரல் வந்தது பாதம் திரும்பி நிற்கும் நிலையை வைத்து. நமக்கு அந்த ஒப்புமை பழக்கத்தில் இல்லை. ‘உள்விரல் இரண்டு மில்லிமீற்றர்’ என்றால் செருப்புக் கடைக்காரர்தான் முதலில் தலைநிமிர்வார்.

நான் முதலில் மயங்கியது ‘உட்கோட்டம், புறக்கோட்டம்’ என்ற இணையில். கோட்டம் என்றால் வளைவு, நேரிலிருந்து விலகல். 119ஆம் குறளிலேயே ‘உட்கோட்டம்’ மனத்தின் சார்பைக் குறித்து நிற்கிறது. சொல் அழகானது. ஆனால் தமிழகத்தில் உட்கோட்டம் என்பது நிருவாகப் பிரிவு. கொழும்பிலோ ‘புறக்கோட்டம்’ என்று சொன்ன மாத்திரத்தில் எவரும் புறக்கோட்டைக்கு எந்த பஸ்ஸில் ஏறுவது என்றுதான் யோசிப்பார். நானே வைத்து நானே அழித்தேன்.

அடுத்து வந்தது ‘முற்குவிவு’. குவிவு நம் பாடசாலை விஞ்ஞானத்தில் ஏற்கெனவே வில்லைக்கும் ஆடிக்கும் போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்க முடியாது.

இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தபோது, நூல் பிடித்த அந்தத் தம்பி காட்டிய சைகை நினைவுக்கு வந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் முன்னே நீட்டி, விரல் நுனிகளைக் கிட்டக் கொண்டுவந்து, பிறகு அகற்றிக் காட்டினார். மேலிருந்து பார்க்கும் பார்வை அது. மாட்டுக் கொம்பைப் பார்ப்பதுபோல. நம்மவர்கள் அந்த வடிவத்துக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். நுனிகள் ஒன்றையொன்று நாடும் கொம்புள்ள மாடு கூடுகொம்பன், அகன்று போகும் கொம்புள்ளது விரிகொம்பன். அதே இரண்டு வினையடிகளை எடுத்து, முன்விளிம்புகள் நெருங்கி நிற்பதைக் கூடுமுகம் என்றும், அகன்று நிற்பதை விரிமுகம் என்றும் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. இரண்டும் வினைத்தொகை. முகம் என்றது சில்லின் முன்விளிம்பை. வாசிப்பவர் வரைபடம் இல்லாமலே எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அறிந்துகொள்வார். இன்னொரு வசதியும் உண்டு. இலங்கையில் சில்லு என்கிறோம், தமிழகத்தில் சில்லு என்றால் உடைந்த துண்டு. இந்தச் சொற்களில் சில்லும் இல்லை, சக்கரமும் இல்லை என்பதால் இரு கரைக்கும் தகராறில்லை.

சொல்லில் திசை இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ரயரின் விட்டம் 600 மில்லிமீற்றர், முன்பின் வித்தியாசம் 6 மில்லிமீற்றர் என்றால், ஒவ்வொரு சில்லும் தன் ஓட்டத் திசையிலிருந்து இருநூற்றில் ஒரு பங்கு விலகி நிற்கிறது. ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குள் ரயர் ஏறத்தாழ 5 மீற்றர் தூரம் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது என்று பொருள். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஒருமுறை போய்ச் சேர்வதற்குள் 35, 40 மீற்றர். ரயரின் மேற்பரப்பைக் கையால் ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் தடவினால் வாள்பல்லாகவும் தட்டுப்படுவது இதனால்தான். இந்த நிலையில் திசையை மாற்றி விளங்கிக்கொண்டு திருகினால், 6 மில்லிமீற்றர் 12 ஆகும்.

ஸ்பிரிங் மாற்றியதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்டிருந்தார். கார் தாழும்போது, சில்லைக் கீழிருந்து காரின் உடலோடு பிணைக்கும் கீழ்க்கையும் டை ரொட்டும் தத்தம் வட்டவில்லில் மேலெழுகின்றன. இரண்டின் நீளமும் சாய்வும் ஒன்றாக இல்லாவிட்டால், டை ரொட் சில்லைத் தள்ளவோ இழுக்கவோ செய்யும். டை ரொட்டுகளை இரு பக்கமும் நகர்த்தும் ஸ்டியரிங் ராக் சில்லின் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து முகம் கூடும் அல்லது விரியும். அத்துடன், ஷொக் அப்சோபரைச் சில்லோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளின் துளைகளில் சிறு இடைவெளி இருக்கும். கழற்றிப் பூட்டினாலே சில்லின் சாய்வு மாறிவிடும். அதனால் வரிசை முக்கியமானது. ரயர்க் காற்றைச் சரிபார்த்து, கீழ்க்கையின் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கார் தரையில் நிற்கும் உயரத்திலேயே இறுக்கி, சில கிலோமீற்றர் ஓட்டி ஸ்பிரிங்கை அமரவிட்டு, அதன் பின்னரே அளக்க வேண்டும். முதலில் சாய்வு, கடைசியில் முகம். சாய்வைத் தொட்டால் முகம் கெடும். ஸ்டியரிங்கை நடுவில் பூட்டிவைத்து இரு பக்க டை ரொட்டுகளையும் சமமாகத் திருகினால்தான் அது மீண்டும் நேராக நிற்கும்.

பிரேக் இந்தக் கோணங்களை நேரடியாக மாற்றுவதில்லை. மருமகனின் கார் இடப்பக்கம் இழுத்ததற்குக் காரணம் வலப்பக்கக் கலிப்பர் நகரும் ஊசி இறுகியிருந்தது. வலப்பக்கம் பிடிக்கவில்லை, இடப்பக்கம் பிடித்தது. அதையும் சில்லின் தலையில் கட்டப் பார்த்தோம்.

மற்றச் சொற்கள் சுருக்கமாக. சில்லின் மேல்கீழ்ச் சாய்வான ‘கேம்பர்’ என்பதைச் சிலர் எழுத்தில் ‘கம்பர்’ ஆக்கிவிடுகிறார்கள். “கம்பர் ஒரு பாகை சாய்ந்துவிட்டார்” என்று வாசிக்க நேர்ந்தால் சிரிப்பதா வருந்துவதா தெரியவில்லை. ‘உட்சாய்வு, வெளிச்சாய்வு’ போதும். ஸ்பிரிங், ஷொக் அப்சோபர் எல்லாம் சேர்ந்த ‘சஸ்பென்ஷன்’ என்பதற்கு இணைய மொழிபெயர்ப்பி தரும் ‘இடைநீக்கம்’ உத்தியோகத்தரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பது. அதைக் காரின் அடியில் மாட்ட வேண்டாம். வில்வண்டி நம்மிடம் இருந்தது, விற்றராசு (ஸ்பிரிங் தராசு) எங்கள் பாடநூல்களில் இருக்கிறது. ‘வில்லமைப்பு’ என்று வைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மாற்றுக் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

கொழும்பு 06

---

> கூடல், விரிதல் என்றே விடலாமே ஐயா, ‘முகம்’ எதற்கு? மேலும் ஒரே அளவுக்கு இரண்டு பெயர் இருந்தால் அட்டவணையில் எந்தப் பெயரை எழுதுவது? இரண்டும் இல்லாமல் சுழியாக இருந்தால் அதற்கு ‘நேர்முகம்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள திருச்சி நண்பருக்கு,

‘கூடல் இரண்டு மில்லிமீற்றர்’ என்று கராஜ் சுவரில் எழுதிவைத்தால் அதற்குப் பிறகு அங்கே வேலை நடக்காது. மதுரைக்காரர்களும் உரிமை கோருவார்கள். எனவே முகம் இருக்கட்டும்.

அட்டவணைப் பிரச்சினையை நான் யோசிக்கவில்லை, சுட்டிக்காட்டியதற்கு நன்றி. அளவின் பொதுப்பெயர் ‘முகவளவு’ என்று இருக்கலாம். கூடுமுகத்துக்கு நேர்க்குறியும் விரிமுகத்துக்கு மறைக்குறியும் இடுவது உலக வழக்கோடு ஒத்துப்போகும். சுழிக்கு ‘நேர்முகம்’ வேண்டாம். இங்கே அது வேலைக்குத் தெரிவுசெய்யும் பரீட்சை. ‘சமமுகம்’ என்று வையுங்கள்.

நேற்று மருமகனின் காரை மறுபடி அளந்தார்கள். இரு பக்கமும் உட்சாய்வு 1.2 பாகை, முகவளவு +1 மில்லிமீற்றர், அதாவது கூடுமுகம். அளவுத்தாளின் ஓரத்தில் தமிழில் அப்படியே எழுதிக் கொடுத்தேன். வேலை செய்தவர் சிங்களவர், பொருள் கேட்டார். இரண்டு கைகளையும் நீட்டிக் கொம்புபோல் காட்டினேன், தலையாட்டினார்.

‘காஸ்டர்’ என்பதற்குப் ‘பின்சாய்வு’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் சாய்வது சில்லன்று, அது திரும்பும் அச்சு என்பது அந்தச் சொல்லில் தெரியவில்லை. அந்த இடம் பட்டியலில் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

கொழும்பு 06