வெட்டின வரப்பைத் திருப்பிக் கொடுக்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலம் வைத்திருக்கிறேன். 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய மண். எங்கள் வீட்டில் ஞாயிறு ஆராதனை தவறாது.

ஆனால் அப்பா காலத்திலிருந்தே அண்டை வெட்டும்போது, அதாவது வரப்போரத்தைச் செதுக்கிச் சீர்செய்யும்போது, பக்கத்து வரப்பில் எங்கள் மண்வெட்டி ஆழமாகத்தான் இறங்கும். வருஷத்துக்கு நாலு விரல். நானும் வெட்டியிருக்கிறேன். இரண்டு பேர் எதிரெதிரே ஒதுங்கி நடந்த வரப்பில் இன்று ஒரு கால் ஊன்றத்தான் இடம். அந்த நிலம் தனியாக இருக்கும் ஒரு அத்தையுடையது.

'ஆவி, ஆத்துமா, சரீரம் முழுவதும்' என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. முழுவதும் என்றால் வயலும்தானே? வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று ஆண்டவர் முன்பாகச் சொன்னான். எனக்கு அத்தை முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

தம்பி சம்மதிக்கவில்லை, "அப்பா பேர் கெடும்" என்கிறான். அது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆனாலும் அவன் மனம் நோகாமல் செய்ய ஆசை.

சர்வேயரை வைத்து அளந்துவிட்டு அத்தையிடம் பேசுவதா, முதலில் போய் மன்னிப்புக் கேட்பதா? இத்தனை வருஷ விளைச்சலுக்கு நெல்லாகக் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சம்பா நடவுக்கு முன் முடிக்க வேண்டும்.