"அம்மா, இரு. அவ என்னைக் கேக்கறா": டிவிப் பாத்திரங்களும் நம்ம ஊர்க் குட்டிகளும்

காவேரிப்பட்டினத்திலிருந்து, ஒரு அம்மா:

என் மகளுக்கு மூன்றரை வயது. டிவியில் டோரா கார்ட்டூன் பார்க்கும்போது அவள் உட்காருவதே இல்லை. எந்தப் பக்கம் போகலாம் என்று டோரா கேட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்குமே, அந்தச் சில நொடிகளில் இவள் எழுந்து போய்த் திரையைத் தொட்டு வழி காட்டுவாள். ஒருநாள் சரியாக அந்த நேரம் பார்த்து நான் சமையலறையிலிருந்து பேச்சுக் கொடுத்தேன். "அம்மா, இரு. அவ என்னைக் கேக்கறா" என்றாள். முகத்தில் அவ்வளவு பொறுப்பு.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் வீட்டுக் குட்டிகளைப் பற்றி இங்கே எழுதுங்கள். டிவி கெடுதல் என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிட வேண்டாம். குழந்தை எந்தப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டது, அதை வைத்து என்ன செய்தது என்று சொல்லுங்கள்.

அந்த இடைவெளியைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1996-ல் 'புளூஸ் க்ளூஸ்' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. ஒரு நீல நாய்க்குட்டி தடயம் விட்டுப் போகும், கூட இருக்கும் அண்ணன் குழந்தைகளிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். ஒரே எபிசோடை வாரத்தில் ஐந்து நாளும் போட்டார்கள். ஆய்வாளர்கள் கூடவே இருந்து கவனித்ததில், திரும்பத் திரும்பப் பார்க்கும் குழந்தைக்குக் கதை நன்றாகப் புரிவதும், அது வாய்விட்டுப் பதில் சொல்வது கூடுவதும் தெரிந்தது. 2000-ல் வந்த டோராவும் அதே வழியில்தான் போகிறது. என் மகள் பார்த்ததையே பத்துத் தடவை கேட்பது அடம் இல்லை என்று எனக்கு அதற்கப்புறம்தான் விளங்கியது. முதல் தடவை பார்க்கிறாள். அடுத்தடுத்த தடவைகளில் பதில் சொல்ல வருகிறாள்.

டோரா எங்கே போனாலும் அவளுடைய பேசும் மேப் மூன்று இடங்களைச் சொல்லும். இவளும் இப்போது வெளியே கிளம்பினால் மூன்று இடம் சொல்கிறாள்: "ஆத்துப் பாலம், மாந்தோப்பு, பாட்டி வீடு." தென்பெண்ணைப் பாலத்தில் ஸ்கூட்டர் ஏறும்போது "பாலம் வந்துருச்சு!" என்று கத்த வேண்டும், நானும் கூடக் கத்த வேண்டும். முதுகில் ஒரு பை. அதில் ஒரு குச்சி, பாதி கடித்த ரொட்டி, என் பழைய துப்பட்டா. பாட்டி வீட்டு வாசலில் நாய் படுத்திருந்தால் துப்பட்டாவை எடுத்து நீட்டி, "இது கயிறு" என்கிறாள். நாயைத் தாண்ட அந்தக் கயிறு எப்படி உதவும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும், எனக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

பென்னாகரம் பக்கத்திலிருந்து, அங்கன்வாடி டீச்சர்:

உங்கள் மகளைப் படித்ததும் எனக்கு எங்கள் மையத்துப் பையன் ஒருவன் ஞாபகம் வந்தான். அப்பா அம்மா இருவரும் வேலைக்காக பெங்களூரில். பாட்டி கொண்டுவந்து விடுவார். சேர்ந்த புதிதில் வாயே திறக்க மாட்டான். சத்துமாவு உருண்டை கொடுத்தால் வாங்கிக்கொள்வான், மூலையில் பாயில் உட்கார்ந்துகொள்வான். பாட்டைத் தொடங்கினால் தலையைக் குனிந்துகொள்வான்.

ஒருநாள் பெரிய பையன் ஒருவன் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு டோராவில் வரும் திருட்டுக் குள்ளநரி வேஷத்தில் விளையாட்டுக் கட்டைகளைத் திருட வந்தான். மற்றதுகள் எல்லாம் சிரித்துக்கொண்டு ஓடின. இவன் எழுந்தான். உள்ளங்கையை முன்னால் நீட்டி, "குள்ளநரி திருடக் கூடாது" என்றான். மூன்று தடவை. மூன்றாவது தடவை அவன் குரல் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். குள்ளநரியும் விளையாட்டுக்கு மரியாதை கொடுத்து, கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சோகமாகத் திரும்பிப் போனது. எங்கள் மையத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

எனக்கு அன்றைக்கு ஒன்று புரிந்தது. அவனுக்குப் பேச்சு இருந்தது, என்ன பேச வேண்டும் என்று தெரிந்த ஒரு இடம்தான் இல்லை. டோரா கதையில் அவன் வரி எது, எப்போது சொல்ல வேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். அடுத்த நாளிலிருந்து கட்டைப் பெட்டிக்கு அவன்தான் காவல். கொஞ்சம் கொஞ்சமாகக் காவல்காரன் பாட்டுக்கும் வந்தான், கதைக்கும் வந்தான்.

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் ராத்திரி கூத்து பார்க்கப் போனால், முன் வரிசையில் பாயை விரித்துக்கொண்டு இருப்பது இந்த வாண்டுகள்தான். துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையுமாகத் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது பயந்து பாட்டியின் மடிக்குள் போவார்கள். கட்டியங்காரன் என்கிற கோமாளி வந்து கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டதும் தலையை வெளியே நீட்டிப் பதில் சொல்வார்கள். பளிச்சென்று வேஷம், வேஷத்துக்கு ஒரு நிறம், நம்மைப் பார்த்துப் பேசுகிற ஒரு ஆள். கூத்து வாத்தியார்கள் கண்ட சேதிதான் டிவிக்காரர்களும் கண்டது.

அமெரிக்காவில் 1969-ல் 'செசமி ஸ்ட்ரீட்' தொடங்குவதற்கு முன்னால் சோதனையாகச் சில எபிசோடுகள் எடுத்துக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பொம்மைகள் தனி உலகம், மனிதர்கள் நடமாடும் தெரு தனி உலகம் என்று பிரித்து வைத்திருந்தார்களாம். நிஜத்தையும் கற்பனையையும் கலந்தால் குழந்தை குழம்பும் என்று நிபுணர்கள் சொன்னதால் அப்படி. தெரு வந்ததும் குழந்தைகள் வேறு பக்கம் திரும்பிவிட்டன. அப்புறம்தான் எட்டடிக்கு மேல் உயரமான மஞ்சள் பறவையையும், குப்பைத் தொட்டியில் குடியிருக்கும் சிடுமூஞ்சி ஆஸ்கரையும் உண்டாக்கித் தெருவிலேயே இறக்கினார்கள். குழந்தைகள் குழம்பவில்லை, ஒட்டிக்கொண்டார்கள். எங்கள் காவல்காரனும் குள்ளநரி வேஷத்துக்குள் இருப்பது யார் என்று தெரிந்துதான் கையை நீட்டினான்.

தருமபுரி டவுனிலிருந்து, முன்பு கேபிள் தொழிலில் இருந்தவர்:

டீச்சரம்மா சொன்னதைப் படித்துவிட்டுப் பழைய நாளெல்லாம் கண் முன்னால் வருகிறது. 2006-ல் ஆட்சி மாறி அரசு இலவச வண்ண டிவி கொடுக்க ஆரம்பித்த பிறகு எங்கள் லைன் எங்கெங்கோ போயிற்று. கம்பம் இல்லாத இடத்தில் புளியமரத்தில் கட்டி ஒயர் இழுத்திருக்கிறோம். 2007-ல் சுட்டி டிவி வந்தது. அதுவரை கார்ட்டூன் என்றால் படத்தை மட்டும் பார்த்துச் சிரித்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு, முழு நேரமும் தமிழ் பேசுகிற சேனல். டோரா, அவளுடைய குரங்குத் தோழன் புஜ்ஜி என்று தெருவுக்குத் தெரு பேச்சு.

சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடி இடித்தால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும். லைன் போனதும் சீரியல் பார்க்கும் பெரியவர்கள் போன் செய்வதற்கு முன்னால் ஒரு சின்னக் குரல் வரும். ஒருநாள் ஒரு வாண்டு கேட்டான்: "அண்ணா, புஜ்ஜி மலை ஏறிட்டு இருந்தான், நின்னு போச்சு. ஏறிட்டானா?" எத்தனை மணிக்கு லைன் வரும் என்று அவன் கேட்கவில்லை. புஜ்ஜி ஏறிவிட்டானா என்றுதான் கேட்டான். "ஏறிட்டான்டா கண்ணு, மேல நின்னு உனக்கு டாட்டா காட்டினான்" என்றேன். "சரிண்ணா" என்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் கண்ட்ரோல் ரூமில் ஒரு டிவியில் சுட்டியை ஓடவிட்டு வைத்தேன். எந்தப் பிள்ளை கேட்டாலும் கதையின் மிச்சத்தைச் சொல்வது என் வேலையில் சேர்ந்துபோயிற்று. அந்தப் பையன் இப்போது பொறியியல் முடித்து வேலைக்குப் போகிறான். வழியில் பார்த்தால் இன்னும் புஜ்ஜி அண்ணா என்றுதான் கூப்பிடுகிறான்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து, ஒரு தாத்தா:

எங்கள் வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ். பேரனோடு மூன்று மொழிக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது குட்டி பீம். 2008-ல் வந்த சோட்டா பீமைத் தவழும் குழந்தையாக்கி அதே ஐதராபாத் நிறுவனம் 2019-ல் கொண்டுவந்தது. வசனமே கிடையாது. குழந்தை மழலையாக ஏதோ சத்தம் போடும், லட்டைத் தேடி ஊரையே புரட்டும், அவ்வளவுதான். யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் சிரிக்கிறோம்.

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ராகி கதிர் பிடிக்கும் காலத்தில் ராத்திரி யானை வரும். வெடிச் சத்தம் கேட்டுப் பேரன் எழுந்தான். யானை பசியாக இருக்கிறது, வாசலில் களி உருண்டை வைக்கலாம் என்றான். டிவி யானை தும்பிக்கையால் வாங்கித் தின்றுவிட்டுத் தலையாட்டுமே! அவனைத் திட்டவில்லை. டிவி யானைக்கு நாளைக்குக் காலையில் படம் வரைந்து களி கொடுக்கலாம், வயலில் நிற்கிற யானைக்குக் காடு இருக்கிறது, அது நிற்கும்போது நாம் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்றேன். காலையில் மறக்காமல் படம் வரைந்தான். இந்தக் கலர் உலகம் வேண்டும்தான். எங்கள் ஊரில் பிள்ளை வளர்க்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வேறுபாட்டையும் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து, ஒரு அப்பா:

எங்கள் வீட்டில் டெலிடபீஸ் என்ற நிகழ்ச்சி. அதில் நான்கு பாத்திரங்கள்: ஊதா டிங்கி விங்கி, பச்சை டிப்ஸி, மஞ்சள் லாலா, சிவப்பு போ. வயிற்றில் டிவி, தலையில் ஆன்டெனா, சூரியனுக்குள் சிரிக்கிற ஒரு கைக்குழந்தை. மகள் கேட்டாள்: "அவங்க வயித்துல டிவி இருக்கு. நம்ம வயித்துல என்னப்பா இருக்கு?" ராகி களி என்றேன். சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

அவர்கள் வீடு புல் மேட்டுக்கு அடியில் இருக்கிறது இல்லையா? எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் கோட்டை மலை. பாறைதான், புல்லே கிடையாது. இருந்தும் லாலா வீடு அதற்குள்தான் என்று முடிவு செய்துவிட்டாள். காலையில் மலைக்குப் பின்னால் வெளிச்சம் வந்தால் குழந்தை முழித்துக்கொண்டது என்கிறாள்.

"என்ன, எல்லாம் ஆ ஊ என்று மழலை பேசுது, பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று உறவினர்கள் கேட்டார்கள். 1997-ல் பிபிசியில் இது தொடங்கியபோது இங்கிலாந்திலும் இதையேதான் கேட்டிருக்கிறார்கள். ஆன் வுட்டோடு சேர்ந்து இதை உருவாக்கிய ஆண்ட்ரூ டேவன்போர்ட் பேச்சு அறிவியல் படித்தவர். பேசத் தொடங்கும் குழந்தை எப்படிப் பேசுமோ அப்படியே பாத்திரங்களைப் பேசவிட்டு, மேலே கேட்கும் கதைசொல்லியின் குரல் மட்டும் முழு வாக்கியமாக வரும்படி வைத்திருக்கிறார்கள். வயிற்று டிவியில் நிஜக் குழந்தைகளின் காட்சி ஒன்று வரும். முடிந்ததும் நால்வரும் மறுபடியும் வேண்டும் என்பார்கள், அதே காட்சி முழுதாக இன்னொரு முறை ஓடும். பெரியவர்களுக்குப் பொறுக்காது. மகளுக்கு அந்த இரண்டாவது ஓட்டம்தான் திருவிழா. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரிகிறதே.

இன்னொன்று. அந்த வேஷங்கள் ராட்சச உயரம், டிங்கி விங்கி கிட்டத்தட்ட பத்தடி. பக்கத்தில் ஓடும் முயல்கள் பொடியாகத் தெரியக் கூடாது என்று பெரிய ஜாதி முயல்களாகப் பார்த்து விட்டிருந்தார்கள். எடுத்த இடம் வார்விக்ஷயரில் ஒரு பண்ணை நிலம். பின்னாளில் ஆட்கள் வேலி தாண்டி வந்துகொண்டே இருந்ததால் நிலத்துக்காரர் அந்த இடத்தில் தண்ணீர் நிரப்பிக் குளமாக்கிவிட்டார். இதை மகளிடம் சொல்லவில்லை. கோட்டை மலை பத்திரமாக இருக்கிறது.

அரூரிலிருந்து, ஒரு பாட்டி:

எல்லோரும் எழுதியதைப் பேத்தி படித்துக் காட்டினாள். எனக்கு ஒரு மனக்குறை உண்டு. டிவியில் வந்த காலத்தில் கதை முடியும். அந்தப் பொம்மைகள் டாட்டா சொல்லும், சூரியன் இறங்கும், அவ்வளவுதான், எழுந்து விளையாடப் போவார்கள். போனில் ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக வருகிறது. அதில் பாதி, கலர் கலராக உருண்டையும் முட்டையும் ஓடுகிறதே தவிர, ஒரு கதையும் இல்லை, பிள்ளையைப் பார்த்து ஒரு கேள்வியும் இல்லை. சின்னப் பேரன் அதைப் பார்க்கும்போது வாயைத் திறந்தபடி இருப்பானே ஒழிய ஒரு வார்த்தை வராது. டோரா போட்டால் கத்துவான். வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதை மருமகள் எடுத்துக் காட்டினாள்: இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அதனால் போனை மருமகள் எடுத்து வைத்துவிட்டாள். ஒரு கதையைப் பெரிய டிவியில் போட்டு, முடிந்ததும் நிறுத்திவிடுகிறோம். நிறுத்தியதும் பேரன் அழுவான். அப்போது நான் குள்ளநரியாகி அவன் செருப்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவேன். முழங்கால் வலிக்கிறது. ஆனால் கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுகிறான்.

பென்னாகரம் டீச்சர் மறுபடியும்:

பாட்டிம்மா, ஓட வேண்டாம். பழைய சாக்ஸில் இரண்டு பொத்தான் தைத்துக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள், உட்கார்ந்த இடத்திலேயே குள்ளநரி ரெடி. கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், பதில் வருகிற வரைக்கும். எங்கள் மையத்துக்கும் ஜோடி போன சாக்ஸ், கலர் துணி, பெரிய பொத்தான் யாரிடமாவது இருந்தால் பென்னாகரம் பஸ்ஸில் கொடுத்து அனுப்புங்கள். மஞ்சள் துணி இருந்தால் இன்னும் நல்லது, பிள்ளைகள் ஒரு பெரிய பறவை கேட்கிறார்கள்.