சீஸ் டிப் மணல் மணலாகத் திரிந்து எண்ணெய் பிரிகிறது, எங்கே தவறு?

மீனா_கோவை:
ஞாயிறு மாலை 12 பேர் வருகிறார்கள். நாச்சோஸ், கேரட், வெள்ளரிக்குத் தொட்டுக்கொள்ள சூடான சீஸ் டிப் வைக்க வேண்டும். நேற்று செய்து பார்த்தேன்: 250 மி.லி. பால் கொதித்ததும் 200 கிராம் செடார் துருவலைக் கொட்டிக் கிளறினேன். மணல் மணலாகத் திரிந்து மேலே எண்ணெய் மிதந்தது. பிறகு கார்ன் ஃப்ளோர் கரைத்து ஊற்றியும் சேரவில்லை. ஆடை படியாமல் மேஜையில் எவ்வளவு நேரம் வைக்கலாம்?

அடுப்பங்கரை:
மீனா, கொதிக்கிற பாலில் சீஸ் போட்டதுதான் முதல் தவறு. சீஸில் கொழுப்பைப் பிடித்து வைத்திருப்பது புரதம். சூடு அதிகமானால் அது இறுகி, பிழிந்த துணி போல நீரையும் கொழுப்பையும் வெளியே தள்ளிவிடும். அப்புறம் மாவு கரைத்து ஊற்றிப் பயனில்லை. மாவு முதலிலேயே பாலில் வெந்திருக்க வேண்டும்.

வெண்ணெய் 20 கிராம், மைதா 20 கிராம், பால் 300 மி.லி., சீஸ் 200 கிராம். வெண்ணெயை உருக்கி மைதாவைச் சிறுதீயில் 2 நிமிடம் வறுங்கள். பச்சை வாசனை போகணும், நிறம் மாறக்கூடாது. வெதுவெதுப்பான பாலை மூன்று தவணையாக ஊற்றி, கட்டி தட்டாமல் விஸ்க்கால் அடியுங்கள். கரண்டியின் பின்புறம் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும், அதுதான் பதம். அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, சீஸைப் பிடிபிடியாகப் போடுங்கள். முந்தைய பிடி முழுக்கக் கரைந்த பிறகே அடுத்தது. உப்பு கடைசியில், ருசி பார்த்து. சீஸிலேயே உப்பு இருக்கிறது.

பாக்கெட்டில் துருவி வருவது வேண்டாம். ஒட்டாமல் இருக்க அதில் மாவுப்பொருள் தூவியிருப்பார்கள், டிப் நறநறக்கும். பிளாக் வாங்கி நீங்களே துருவுங்கள்.

ரவி_கெமிஸ்ட்ரி:
மேலே சொன்னதோடு ஒன்று. 200 கிராமும் செடாராக வேண்டாம்: 120 செடார், 80 அமுல் பிளாக் போன்ற ப்ராசஸ்டு சீஸ். அதில் ஏற்கெனவே உள்ள எமல்சிஃபையர் உப்புகள் (கொழுப்பும் நீரும் பிரியாமல் சேர்த்து வைப்பவை) செடாரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மொசரெல்லா நூல் நூலாக இழுக்கும். பனீர் எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது.

மைதாவே வேண்டாம் என்றால் சோடியம் சிட்ரேட், அதுவும் அப்படியொரு எமல்சிஃபையர் உப்புதான். 200 கிராம் செடாருக்கு 180 மி.லி. பால், 8 கிராம் சிட்ரேட். பாலில் அதைக் கரைத்துச் சூடாக்கி, சிறுதீயில் சீஸைச் சேர்த்து அடித்தால் கண்ணாடி மாதிரி வழவழப்பு. சீஸின் ருசியை மாவு மறைக்காது என்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

மீனா_கோவை:
நன்றி! திரிந்துபோனதைக் காப்பாற்ற வழி உண்டா? வினிகரில் ஊறிய ஜலபீனோ மிளகாய் சேர்க்கலாமா?

அடுப்பங்கரை:
அடுப்பிலிருந்து இறக்கி, 2 மேஜைக்கரண்டி சூடான பாலும் கொஞ்சம் ப்ராசஸ்டு சீஸும் போட்டு ஹேண்ட் பிளெண்டரால் அடியுங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும். மிக்ஸியில் சூடாக மூடிப் போடாதீர்கள், ஆவி மூடியைத் தள்ளிவிடும். ஜலபீனோ சேர்க்கலாம், வினிகரை வடித்து, துணியில் ஒற்றிவிட்டு, இறக்கிய பிறகு கலக்குங்கள்.

ஆறினால் இறுகும், அதனால் விரும்பும் பதத்தைவிடக் கொஞ்சம் தளர இறக்கணும். சுடுநீர் உள்ள அகலப் பாத்திரத்துக்குள் டிப் கிண்ணத்தை வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் ஆடை படியாது. தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். சூடில்லாமல் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

காலையிலேயே செய்வதென்றால் க்ளிங் ஃபிலிமை டிப்பின் மேல் ஒட்டினாற்போல் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். மாலையில் 3 மேஜைக்கரண்டி பால் விட்டு, சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தே சூடாக்குங்கள். நேரடித் தீயில் வைத்தால் திரும்பவும் பிரிந்துவிடும்.