தோல் கயிற்று பிரேஸ்லெட்: கையில் கறுப்பு ஒட்டுகிறது, முடிச்சு நழுவுகிறது. என்ன செய்ய?

தென்றல்வீடு (தென்காசி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அம்மா ஒயர் கூடை பின்னுவார். சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் எனக்குப் பத்து வயதிலேயே கைக்கு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் போன வருடம் தோல் கயிறும் மணியும் வாங்கி பிரேஸ்லெட் செய்ய ஆரம்பித்தேன். இரண்டு தோல் கயிறு இணையாக ஓடும். நடுவில் ஏணிப்படி போல மணிகள் நிற்கும். ஒரு முனையில் பொத்தான், மறு முனையில் கண்ணி.

பொங்கலுக்கு முன்னால் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் 22 விற்றேன், ஒன்று 180 ரூபாய். இப்போது ஐந்து திரும்பி வந்துவிட்டன. வாங்கிய பிள்ளைகள் யாரும் சண்டை போடவில்லை, "அக்கா, சரி பண்ணித் தாங்க" என்றுதான் கேட்டார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இரண்டில் கறுப்புக் கயிறு. வியர்த்தால் மணிக்கட்டில் மை அப்புகிறது, ஒரு பெண்ணின் வெள்ளைச் சுடிதார் கையே கெட்டுவிட்டது. மூன்றாவது சாயம் போடாத இளம்பழுப்புக் கயிறு. அதில் சாயமே கிடையாது, ஆனாலும் பொத்தானைச் சுற்றிக் கருநீலமாகப் புள்ளி படர்ந்திருக்கிறது. இதுதான் எனக்குப் புரியவே இல்லை. நான்காவதில் மணிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து தொளதொளவென்று ஆடுகிறது, கடைசி முடிச்சும் நழுவுகிறது. ஐந்தாவது, முடிச்சை ஒட்டினாற்போல் கயிறே ஒடிந்துவிட்டது.

கயிறு 1.5 மில்லிமீட்டர் உருட்டுக் கயிறு. மணி 4 மில்லிமீட்டர் கண்ணாடி மணி. கோர்த்தது தூண்டில் நரம்பில். முடிச்சின் மேல் உடனே ஒட்டும் பசை ஒரு சொட்டு விட்டேன். பொத்தான் பித்தளை நிறத்தில் இருக்கும், டஜன் கணக்கில் வாங்கினது. தவறு எங்கே என்று தெரிந்தால் ஐந்து பேருக்கும் புதிதாகவே செய்து கொடுத்துவிடுவேன்.

ஊசியும்தோலும் (ஆம்பூர்)

தங்கச்சி, நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். இப்போது வீட்டில் தோல் நகைதான் செய்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் உடனே பதில் போட வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் நீங்கள் சொன்ன ஐந்தில் நான்கு எனக்கும் நடந்தது.

முதலில் அந்தக் கருநீலப் புள்ளி. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை செய்தார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. கலம்காரித் துணியில் கறுப்பு வருவதும் அப்படித்தான்: துணியைக் கடுக்காயில் ஊறவைத்து எடுத்து, இரும்புத் துண்டும் வெல்லமும் போட்டுப் புளிக்க வைத்த தண்ணீரால் கோடு போட்டால் கோடு கறுத்துவிடும். உங்கள் பழுப்புக் கயிறு மரப்பட்டையோ கடுக்காயோ போட்டுப் பதப்படுத்திய தோலாக இருக்க வேண்டும். அந்தத் துவர்ப்பு தோலுக்குள் அப்படியே இருக்கிறது. பொத்தான் பித்தளை நிறத்தில் இருந்தாலும் உள்ளே இரும்பாக இருக்கும். மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் வியர்வை பட்டதும் உங்கள் பிரேஸ்லெட்டிலேயே மை தயாராகிவிட்டது. ஒரு காந்தத்தைப் பொத்தானில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அதுதான் காரணம்.

அப்படியானால் சுத்தமான பித்தளையோ செம்போ போடலாமா என்று கேட்பீர்கள். அதில் வேறு தொந்தரவு. தோலில் ஊறியிருக்கும் எண்ணெயும் கொழுப்பும் செம்போடு சேர்ந்தால் பச்சையாகப் பாசி மாதிரி ஒன்று பொங்கும். துடைத்தால் போகும், ஆனால் திரும்பத் திரும்ப வரும். நான் கொட்டாங்கச்சிப் பொத்தானுக்கு மாறி நான்கு வருடம் ஆகிறது. கறையும் இல்லை, பச்சையும் இல்லை, கையில் உறுத்துவதும் இல்லை. பழுப்புத் தோலுக்கு அதைவிட அழகாக ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கறுப்புக் கயிற்றின் கதை வேறு. அது சாயம். தோலுக்குள் இறங்காமல் மேலோடு நிற்கும் சாயம் வியர்வை பட்டால் இறங்கிவிடும். கடையிலேயே சோதித்து வாங்க வேண்டும். கைக்குட்டையின் ஒரு மூலையை நனைத்து, கயிற்றை அதற்குள் பிடித்துப் பத்து முறை இழுங்கள். துணி கறுத்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வாங்கிவிட்டதைக் காப்பாற்ற, ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து, நிழலில் உலர்த்தி, தேன்மெழுகு தேய்க்கலாம். குறையும், முழுக்க நிற்காது. அந்த ரோலை நீங்கள் விற்பனைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி தொளதொளப்பு. தோல் நீளும். எங்கள் பக்கம் டேனரிகளில் பெரும்பாலும் இப்போது குரோம் போட்டுத்தான் பதப்படுத்துகிறார்கள், சீக்கிரம் முடிந்துவிடும். அந்தத் தோல் மெத்தென்று இருக்கும், வெட்டிப் பார்த்தால் உள்ளே லேசாக நீலம் தெரியும். அது இழுத்தால் நன்றாகக் கொடுக்கும். ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தும் பழைய முறைக்கு வாரக்கணக்கில் ஆகும், ஆனால் தோல் விறைப்பாக நிற்கும். நம் ஊர் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்பது அந்த வகைதான், அதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. மணி கோர்க்க எனக்குப் பிடித்தது அதுதான். அதிலும்கூட வயிற்றுப் பக்கத்துத் தோல் அதிகம் நீளும், முதுகுப் பக்கத்துத் தோல் குறைவாக நீளும். உருட்டுக் கயிறாக வாங்கும்போது நமக்கு அது தெரியாது. அதனால் நான் எந்தக் கயிறானாலும் வெட்டியதும் லேசாக ஈரம் காட்டி, ஒரு முனையை ஆணியில் கட்டி, மறு முனையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு விடுவேன். ராத்திரி முழுக்கத் தொங்கட்டும். நீள வேண்டியது அங்கேயே நீண்டுவிடும், வாங்கியவர் கையில் நீளாது.

அப்புறம் பசை. உடனே ஒட்டும் பசை தோலுக்குள் இறங்கினால் அந்த இடம் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். பக்கத்திலேயே மெத்தென்ற தோல். கை அசையும்போதெல்லாம் இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் மடியும். உங்கள் ஐந்தாவது பிரேஸ்லெட் அங்கேதான் ஒடிந்திருக்கும். முடிச்சை ஒட்டி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஒயர் கூடை பின்னிய கை என்பதால் ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். ஒயர் அழுத்தினால் அழுந்தாது, அதனால் கூடை முடிச்சு வருடக்கணக்கில் நிற்கிறது. தோல் அழுந்தும். இன்று இறுக்கிப் போட்ட முடிச்சுக்குள் தோல் மெலிந்து, நாளைக்கு முடிச்சு தளர்ந்திருக்கும். ஆகவே தோலைத் தோலோடு முடிந்துவிட்டு அதை நம்பக் கூடாது. தோல் நடுவில் நிற்கட்டும், முடிச்சு போடுகிற வேலையை நூல் பார்க்கட்டும். இது தெரிவதற்கு முன்னால் நான் வீணாக்கிய கயிறு கொஞ்சமல்ல.

கரைவலை (யாழ்ப்பாணம்)

தூண்டில் நரம்பு பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நாங்கள் அதைத் தங்கூசி என்போம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். தங்கூசிக்கு வளைந்த இடத்தில் நிமிரப் பார்க்கிற குணம் உண்டு, அதனால் சாதாரண முடிச்சு தானாகவே அவிழும். ஐந்தாறு சுற்றுச் சுற்றி முடிய வேண்டும். இறுக்க முன்னர் வாயில் வைத்து நனைக்க வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் உரசுகிற சூட்டிலேயே பலம் போய்விடும். அப்பா எனக்கு முதலில் பழக்கியது இதைத்தான்.

ஆனாலும் அக்கா, தோலுக்கு அது வேண்டாம். வழுவழுப்பாக, மெல்லிசாக இருப்பதால் தோலின் ஓரத்தை அறுத்துக்கொண்டு இறங்கும். மீன் பிடிக்கிறவர்களின் விரலைப் பார்த்தால் தெரியும்.

அரியாங்குப்பத்துமணி (புதுச்சேரி)

மணியையும் பாருங்கள். நான் கண்ணாடி மணி மட்டுமே பல வருடமாகச் சேர்க்கிறேன். அரிக்கமேடு எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். 1945-ல் தொல்லியல் அறிஞர் வீலர் அகழாய்வுக்குத் தோண்டிய அதே பழைய துறைமுக இடம். அங்கே கிடைத்த சின்னச் சின்ன மணிகளைத்தான் இந்தோ-பசிபிக் மணிகள் என்கிறார்கள். கண்ணாடியை உருக்கிக் குழாயாக நீள இழுத்து, ஆறியதும் பொடிப் பொடியாக நறுக்கி, மறுபடி சூடுகாட்டி மழுங்க வைத்த மணிகள். அந்த முறை ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரைக்கும் வந்திருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கடைசிச் சூடுதான் மணியின் வாயை மழுக்குகிறது. மலிவு மணிகளில் அது சரியாக நடந்திருக்காது, துளையின் விளிம்பு சில்லுப் போல நிற்கும். உங்கள் நூல் அதில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை உரசும். ஒரு பஞ்சுத் திரியைத் துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுங்கள். பஞ்சு மாட்டிக்கொண்டு இழை பிய்ந்தால் அந்த மணியைத் தள்ளிவிடுங்கள். நூறுக்கு எத்தனை தள்ள வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் அந்தக் கடையில் மறுபடி வாங்கலாமா என்றும் தெரிந்துவிடும். அப்படியே உயரம் ஒத்த மணிகளைத் தனியாகப் பொறுக்கி வையுங்கள். இடைவெளி விழுவதற்கு மணி ஒழுங்கில்லாததும் ஒரு காரணம்.

தென்றல்வீடு (தென்காசி)

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ராத்திரியே எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா, பொத்தானில் காந்தம் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. டஜனில் பன்னிரண்டும் ஒட்டின. கறுப்பு ரோலை நனைந்த வெள்ளைத் துணியில் இழுத்தேன், நான்காவது இழுப்பிலேயே துணி கரியாகிவிட்டது. அந்த ரோல் இனி வீட்டில் சாவி கட்டத்தான். மணிகளில் நூற்றுக்குப் பதினேழு பஞ்சைப் பிடித்தன.

பழுப்புக் கயிற்றைப் பாட்டில் கட்டித் தொங்கவிட்டேன். காலையில் அளந்தால் 60 சென்டிமீட்டர் கயிறு 62 ஆகியிருந்தது. இந்த இரண்டு சென்டிமீட்டர்தான் அந்தப் பிள்ளையின் கையில் தொளதொளவென்று ஆடியிருக்கிறது! இன்னொரு துண்டு ஓர் இடத்தில் பிரிந்தே போய்விட்டது, சாய்வாக வெட்டி ஒட்டின மாதிரி தெரிகிறது. அது என்ன?

தூண்டில் நரம்புக்குப் பதில் எந்த நூல், எவ்வளவு நீளம், முடிவை எப்படிக் கட்டுவது என்றும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா அக்கா?

ஊசியும்தோலும் (ஆம்பூர்)

பிரிந்தது ஒட்டு. ஒரு தோலில் இருந்து அவ்வளவு நீளமாகக் கயிறு வராது, அதனால் துண்டுகளைச் சாய்வாகச் சீவி ஒட்டித்தான் ரோல் சுற்றுவார்கள். ஏமாற்று வேலை இல்லை, எல்லா ரோலிலும் இருக்கும். கயிற்றை விரல் நுனியில் உருட்டிக்கொண்டே வந்தால் ஒரு சின்னக் கட்டி தட்டுப்படும். அதை வெட்டி ஒதுக்கிவிட்டு அளவு எடுங்கள். பாட்டில் அதை முதலிலேயே காட்டிக் கொடுத்தது நல்லதாயிற்று.

நூல், மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல். செருப்புத் தைக்கிற சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள், கண்டாகவே கிடைக்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் நூல் இரண்டு முறை போக வேண்டும், அதற்குத் தகுந்த மெல்லிய நூலாகப் பார்த்து எடுங்கள். 16 சென்டிமீட்டர் மணிக்கட்டுக்கு ஒரே சுற்று என்றால் 4 மில்லிமீட்டர் மணி சுமார் நாற்பது பிடிக்கும். தோல் 60 சென்டிமீட்டர், நூல் ஒன்றரை மீட்டர் எடுத்தால் தாராளம்.

தோலைச் சரிபாதியாக மடித்து, பொத்தான் போகிற அளவுக்கு மேலே கண்ணி விட்டு, அதன் கீழே நூலால் இரண்டு தோலையும் சேர்த்துக் கட்டுங்கள். அப்புறம் நூல் ஒரு தோலின் அடியாக வந்து மணிக்குள் போய், எதிர்த் தோலைச் சுற்றி, அதே மணிக்குள் திரும்பி, முதல் தோலின் மேலாக வெளியே வரட்டும். ஒவ்வொரு மணிக்கும் இதேதான். இழுப்பு ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். ஒரு மணிக்கு இறுக்கி, அடுத்த மணிக்குத் தளர விட்டால் பட்டை பாம்பு போல நெளியும். நான் அட்டையில் கிளிப் மாட்டித்தான் வேலை செய்கிறேன். பாதியில் எழுந்து போனாலும் இழுப்பு மாறாது.

கடைசி மணி முடிந்ததும் இரண்டு தோலையும் உள்ளே வைத்து நூலால் மாற்றி மாற்றி நான்கு முடிச்சு. பூக்கட்டுகிற மாதிரி கெட்டியாக. அதற்குக் கீழே பொத்தானைக் கோர்த்து, அதன் அடியிலும் அப்படியே கட்டுங்கள். எல்லாவற்றுக்கும் பிறகு தோல் நுனிகளைச் சேர்த்து ஒரு முடிச்சு போடலாம். அதை ஈரமாக இருக்கும்போது போட்டு, மறுநாள் காய்ந்ததும் மறுபடி ஒரு தடவை இறுக்கிவிடுங்கள். நூல் நுனியைத் தீக்குச்சியில் லேசாகக் காட்டினால் உருகி மொட்டாகிவிடும். தோலில் சுடர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் சுருண்டு கருகும். பசையே வேண்டாம்.

திரும்பி வந்த ஐந்தையும் தூக்கிப் போடாதீர்கள். நரம்பை வெட்டினால் மணிகள் உதிர்ந்து வந்துவிடும். பஞ்சு சோதனையில் தேறியதை அதே பிள்ளைகளுக்கே போட்டுக் கொடுங்கள், தங்கள் மணி என்று அவர்களுக்கும் பிடிக்கும். கொடுக்கும்போது, குளிக்கும் முன் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

முதல் துண்டு முடித்ததும் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். முன்பக்கத்தைவிட எனக்கு அதைத்தான் பார்க்க வேண்டும்.