மாசிக் குளிரில் மாம்பூ கருகுது, அடுத்த மருந்து எப்போ?

இடம் குடியாத்தம் தாண்டி, பரதராமி பக்கம், சித்தூர் எல்லை. பெங்களூரா ரக மா, 12 வயசு, 80 மரம். தை கடைசியில் நல்லா பூத்தது. மாசி பாதியில் வெயில் ஏறணும். இங்கே காலை 9 மணி வரை பனி, நடுவில் நாலு நாள் தூறல்.

பூங்கொத்துக் காம்பில் மாவு தூவின மாதிரி வெள்ளை. தொட்டால் விரலில் ஒட்டுது, ரெண்டு நாளில் கொத்தே பழுப்பாகி உதிருது. கிளையைத் தட்டினால் தத்துப்பூச்சி சடசடன்னு பறக்குது. இலையில் பிசுபிசுப்பு, அதன்மேல் கரும்பூஞ்சாணம். தேனீ நடமாட்டமும் குறைவு, கடுகளவு பிஞ்சு கொட்டுது.

செய்தது: அந்த வெள்ளைப் பூஞ்சாணத்துக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மறுநாளே தூறல், கழுவிட்டுப் போச்சு. தத்துப்பூச்சிக்கு, பூ விரியும் முன்னே இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். பூச்சிமருந்து லிட்டருக்கு 0.3 மில்லி, ஒரே தடவை. கரும்பூஞ்சாணத்துக்கு 1 கிலோ மைதா காய்ச்சி 20 லிட்டராக்கி அடிச்சேன். அது வெயிலில் காய்ந்தால்தான் செதிலாக உரியும், இந்த மேகமூட்டத்தில் பசையாவே நிக்குது.

கையில் ஹெக்சகோனசோல் 5 இ.சி. பூஞ்சாண மருந்து இருக்கு. பாதி கொத்தில் இன்னும் பூ விரிஞ்சே இருக்கு.

இப்பவே லிட்டருக்கு 1 மில்லி அடிக்கலாமா, பிஞ்சு பட்டாணி அளவு வரும்வரை பொறுக்கணுமா?