மூன்று பரப்புக்கும் ஒரே சொல்லா? கண்ணிவெடிப் பணிப்பதிவுக்கான கலைச்சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

கண்ணிவெடிப் பணியின் முன்னேற்ற அறிக்கைகள் தமிழில் வரும்போது ‘அகற்றப்பட்ட பரப்பு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று கணக்குகள் கலந்துவிடுகின்றன. பன்னாட்டு நியமங்கள் இவற்றைத் தெளிவாகப் பிரிக்கின்றன. ஊராரையும் முன்னாள் படையினரையும் விசாரித்து, விபத்துப் பதிவுகளைப் பார்த்து, உள்ளே கால் வைக்காமலே ‘இங்கே வெடிக்குச் சான்றில்லை’ என்று பட்டியலிலிருந்து எடுப்பது ஒன்று. உள்ளே ஒரு மீட்டர் அகலப் பாதைகள் வெட்டிச் சோதித்து, வெடி இல்லையென்று உறுதியான பகுதியைக் கழிப்பது இரண்டாவது. குறித்த ஆழம் வரை நிலம் முழுவதையும் தேடி, அகப்பட்டதை எல்லாம் எடுப்பதோ அழிப்பதோ மூன்றாவது.

ஆங்கிலத்தில் கேன்சல்டு, ரெடியூஸ்டு, கிளியர்டு என்பார்கள். அப்படியே தமிழாக்கினால் ‘ரத்தான நிலம்’, ‘குறைக்கப்பட்ட நிலம்’ என்று வரும். ‘உங்கள் நிலம் ரத்து’ என்ற தாளை உழவர் கையில் கொடுத்தால் பட்டா போய்விட்டது என்றுதான் நினைப்பார். ‘குறைக்கப்பட்டது’ என்றால் யாரோ வரப்பைத் தள்ளிவிட்டதாக எண்ணுவார். ‘ரத்தான’ என்பதற்குப் பதில் ‘நீக்கிய நிலம்’ என்று எழுதினால் இன்னும் மோசம். நீக்குவதும் அகற்றுவதும் தமிழில் ஒன்றே என்பதால் படிவம் நிரப்புபவர் இரண்டையும் மாற்றிப் போடுவார்.

கலந்தால் என்ன கெடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஐயத்துக்குரிய பரப்பு 42,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விசாரணையில் 26,000 போனது, பாதை வெட்டியதில் 9,500 போனது, முழுதாகத் தேடி முடித்தது 6,500. வேலை செய்தவர்கள் 20 பேர், 33 நாள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர். ஆனால் 42,000 முழுவதையும் ‘அகற்றியது’ என்று பதிந்தால் அதே கணக்கு 64 ஆகிவிடும். அடுத்த களத்துக்கு அந்த 64ஐ வைத்து ஆளும் நாளும் ஒதுக்கினால் ஆறில் ஒரு பங்கு முடிவதற்குள் காலம் தீர்ந்துவிடும். அடர்த்தியும் பொய்க்கும்: 13 வெடிகள் கிடைத்திருந்தால் உண்மையில் 500 சதுர மீட்டருக்கு ஒன்று, கலந்த கணக்கிலோ 3,230க்கு ஒன்று.

என் பரிந்துரை இது. முடிவைக் குறிக்கும் சொல்லை விட்டுவிட்டு, எந்த வழியில் முடிவுக்கு வந்தோம் என்பதைப் பெயராக்குவோம். உசாவல் விடுவிப்பு, ஊடாய்வு விடுவிப்பு, துப்புரவு விடுவிப்பு. மூன்றுக்கும் பொதுப்பெயர் நில விடுவிப்பு.

*

மறுமொழி

வணக்கம் ஐயா. வழியைப் பெயராக்குவது மிகச் சரி. நாளைக்கே விடுவித்த நிலத்தில் ஒரு வெடி கிடைத்தால் எதைத் திறந்து பார்ப்பது என்று அந்தச் சொல்லே காட்டிவிடும். உசாவல் என்றிருந்தால் வாக்குமூலங்களுக்குப் போவோம், ஊடாய்வு என்றிருந்தால் பாதைகளுக்கு இடையே விட்ட இடைவெளியைப் பார்ப்போம்.

இரண்டு சொற்களை மட்டும் மறுக்கிறேன். துப்புரவு என்றாலே எல்லோருக்கும் குப்பையும் சாக்கடையும்தான் நினைவுக்கு வரும். ‘அகற்றல்’ ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறது, அதை மூன்றாம் வகைக்கு மட்டும் என்று பூட்டிவிட்டால் போதும். அடுத்து ‘விடுவிப்பு’. இலங்கைச் செய்திகளில் காணி விடுவிப்பு என்றால் படையினர் வசமிருந்த காணி உரியவரிடம் திரும்புவது. வெடிப் பணி முடிவதும் நிலம் கைக்கு வருவதும் வேறு வேறு நிகழ்ச்சிகள், நாளும் வேறு, கையெழுத்திடுபவரும் வேறு. ஒரே சொல் இரண்டையும் தாங்காது. நியமத்தின் வரையறையே வெடி இருப்பதையும் இருக்கும் என்ற ஐயத்தையும் போக்குவது என்றுதான் சொல்கிறது. ஆகவே பொதுப்பெயராக ஐயநீக்கம் வைக்கலாமா? வெடி உண்டென்ற சான்று இன்னும் உறுதியாகாதது ஐயப்பரப்பு, சான்று உறுதியானது ஆபத்துப்பரப்பு.

நான்காவதாக ஒரு சொல்லும் வேண்டும். எந்திரம் ஓட்டிப் புதரையும் மேல்மண்ணையும் கிளறிய நிலத்தில் பின்னர் ஆட்கள் தேடுகிறார்கள். எந்திரக் குழுவும் 3,000 எழுதும், ஆள் குழுவும் 3,000 எழுதும், மாதக் கூட்டலில் 6,000 வரும். எந்திர வேலையை பண்படுத்தல் என்று தனிப் பத்தியில் போட்டு, அது கூட்டலில் சேராது என்று படிவத்திலேயே அச்சிட வேண்டும்.

*

மறுமொழி

நன்றி அம்மா. ஐயநீக்கம் என்னுடையதைவிட நன்று, ஏற்கிறேன். பத்தித் தலைப்புகள் உசாவல், ஊடாய்வு, அகற்றல் என்று ஒற்றைச் சொல்லாகவே நிற்கட்டும். ஆள்தாக்கும் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையின் நாடுகள் ஆண்டுதோறும் ஏப்ரல் 30க்குள் தரும் அறிக்கைக்கும் இந்தப் பிரிவினை பொருந்தும். அந்த நாடுகள் 2019இல் ஏற்ற, 2024 வரைக்குமான ஆஸ்லோ செயல்திட்டம் முன்னேற்றத்தை இப்படிப் பிரித்துத் தரவே சொன்னது.

இரட்டிப்பு இன்னோர் இடத்திலும் நுழைகிறது. பாதைகள் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படிதான் தேடுகிறோம், இல்லாவிட்டால் நடுவில் கீற்று விட்டுப்போகும். அந்தப் படிவையும் சேர்த்து அன்றாடத் தாளில் நீளம் பெருக்கல் அகலம் என்று எழுதிக்கொண்டே போனால் மாத முடிவில் கூட்டல் உண்மைப் பரப்பைத் தாண்டும். ஆகவே இரண்டு சொற்கள்: நாள்தோறும் எழுதுவது அன்றாடப் பரப்பு, திருப்புப் புள்ளிகளை அளந்து வரைபடத்தில் மூடிய வடிவத்திலிருந்து வருவது அளந்த பரப்பு. முன்னது குழுவின் வேகத்தை அறிய. நிறைவு அறிக்கைக்கும் கண்ணிவெடிப் பணித் தகவல்களைச் சேர்த்து வைக்கும் இம்ஸ்மா தரவுத்தளத்துக்கும் பின்னது மட்டுமே போக வேண்டும்.

திருப்புப் புள்ளி என்பதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன், எல்லைக்கோடு திசை மாறும் இடம் அது. தாளில் ஒரு வரி இப்படி இருக்கும்: ‘தி.பு. 2இலிருந்து தி.பு. 3க்கு 214 பாகை, 18.4 மீட்டர்’. அந்தப் பாகை காந்த வடக்கிலிருந்தா (திசைகாட்டி முள் காட்டுவது), மெய் வடக்கிலிருந்தா (புவியின் வட முனையை நோக்கியது) என்று தாளின் தலையில் எழுதாமல் விடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. 2 பாகை பிசகினால் 100 மீட்டரில் மூன்றரை மீட்டர் விலகும். மூன்றரைப் பாதை அகலம் அது. வரைபடத்தில் ‘முடிந்தது’ என்ற நிறத்துக்குள் தேடாத நிலம் வந்து உட்கார்ந்துவிடும். கைப்பேசி ஜிபிஎஸ்ஸும் சில மீட்டர் பிசகும் என்பதால் அதை இடத்தைக் கண்டுபிடிக்க வைத்துக்கொள்ளலாம், எல்லை வரைய ஆகாது.

‘காந்தப் பாகை’, ‘மெய்ப்பாகை’ என்று முழுதாக எழுதலாம் என்பது என் எண்ணம். வெறும் ‘பாகை’யைப் படிவத்தில் அனுமதிக்கவே கூடாது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.