புதுப்பிப்பு: 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேனே, கொழிஞ்சாம்பாறை வீட்டில் இருக்கும் உபுண்டு 24.04 (லினக்ஸ் இயங்குதளம்) கணினிக்குள் பொள்ளாச்சியிலிருந்து எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்தே கணினிக்குள் நுழையும் முறை) வழியாக நுழையப் பார்த்தால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றே வருகிறது என்று, அது நேற்று ராத்திரி தீர்ந்தது. ரவுட்டர் மேல்தான் எனக்குச் சந்தேகம், பாவம், வீட்டுக்குள்ளேயே தம்பி தன் லேப்டாப்பில் முயன்றபோதும் அதே பதில், ஆக தப்பு அதன் மேல் இல்லை. வழக்கமான 22க்குப் பதில் எஸ்எஸ்எச்சுக்கு நான் வைத்த போர்ட் (இணைப்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசல்) 2222, அதை ஃபயர்வாலில் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல்) முன்பே திறந்துவிட்டிருந்தேன். அங்கே மூடியிருந்தால் ஃபயர்வால் வழக்கமாக நாம் அனுப்பும் பாக்கெட்டைச் (தரவுத் துண்டை) சத்தமில்லாமல் விழுங்கிவிடும், நாம் டைம்அவுட் வரை காத்துக் கிடப்போம். உடனே 'ரெஃப்யூஸ்டு' வந்தால் பெரும்பாலும் அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை என்றுதான் பொருள்.

தம்பியைப் போனில் வைத்துக்கொண்டு எந்தெந்த போர்ட்டில் கேட்க ஆள் இருக்கிறது என்று காட்டும் 'எஸ்எஸ் -டிஎல்என்பி' கட்டளையைப் போடச் சொன்னேன். "அண்ணா, 22தான் இருக்கு, 2222 எங்கயும் இல்ல" என்றான். எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலில் போர்ட்டை 2222 என்று மாற்றி எஸ்எஸ்எச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்த புத்திசாலி நான்தான். 22.10 பதிப்பு முதல் உபுண்டுவில் போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது சிஸ்டம்டியின் (சர்வீஸ்களை நிர்வகிக்கும் நிரல்) எஸ்எஸ்எச்.சாக்கெட், சர்வீஸை எத்தனை தடவை தட்டினாலும் அதற்கு உறைக்காது. சுடோவோடு (நிர்வாகி உரிமையோடு) 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', அப்புறம் 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எஸ்எச்.சாக்கெட்', அவ்வளவுதான், உள்ளே போய்விட்டேன். புது ரவுட்டர் வாங்கச் சொன்னவர்களே, காசு மிச்சம்.